தெவிட்டிய கரைசல்

வலி வந்தபோது விடியற்காலை மூன்றரை மணி. அடுக்களை வாசலுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து நிற்கவும் முடியவில்லை. இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் பிடித்து, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி. ஏறும், உச்சிக்குப் போகும், கொஞ்சம் விடும். விட்டுவிட்டது என்று நம்பி ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்தால், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மறுபடி ஏறும். பிரசவ வலியைவிடக் கடுமையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். எனக்கு ஒப்பிடத் தெரியவில்லை. அதற்கு ஒரு தேதி சொல்லியிருந்தார்கள். இதற்கு யாரும் சொல்லவில்லை.

"வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி வைக்கட்டா?" என்றார் வீட்டுக்காரர். அதற்குள் அத்தை எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓமத்தண்ணி கெடக்கட்டும்லே, ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்தவர் என் பழைய மாணவர்கள் வயதில் ஒரு பையன். தூக்கக் கலக்கத்தோடு வந்தவர், கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்த என்னை அரை நிமிடம் பார்த்தார். "வயித்துக்குள்ள ஏதாவது ஓட்டை விழுந்து வர்றவங்க அசையாமப் படுத்திருப்பாங்க, அசைஞ்சா உயிர் போகும். நீங்க ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறீங்க. இது கல்லாத்தான் இருக்கும்" என்றார். டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்று போட்டார்கள். இருபது நிமிடத்தில் கட்டிலில் படுத்து, விட்டத்தில் சுற்றும் காற்றாடியை எண்ண முடிந்தது.

காலையில் அல்ட்ரா சவுண்டில் இடது கிட்னி நீர் கோத்து வீங்கியிருப்பது தெரிந்தது, கல் தெரியவில்லை. சி.டி. எடுத்த பிறகுதான் அகப்பட்டது. ஏழு மில்லிமீட்டர். யூரீட்டரின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சிறுநீரக மருத்துவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் படம் போட்டார். மேலே ஒரு மொச்சைக்கொட்டை, கீழே ஒரு பை, நடுவே நீளமாய் ஒரு கோடு. அந்தக் கோடுதான் யூரீட்டர். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். ஜூஸ் கடை ஸ்ட்ராவைவிட ஒல்லி. ஆனால் ஸ்ட்ரா மாதிரி சும்மா கிடக்கும் குழாய் அல்ல, தசையால் ஆனது. சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வழியில் மூன்று இடுக்குகள்: கிட்னியை விட்டு இறங்கும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், பைக்குள் நுழையும் இடம். மூன்றாவது இடுக்கில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அழுத்தினார்.

கல் உரசுவதால்தான் அப்படி வலிக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இல்லையாம். அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, கிட்னியின் உறை இழுபடுகிறது. கீழே குழாய் விடாமல் இறுக்கித் தள்ளப் பார்க்கிறது. வலி அங்கிருந்து வருகிறது. அதனால் வலியை வைத்துக் கல்லை அளக்க முடியாது. மூன்று மில்லிமீட்டர் கல் ஓர் ஆளைத் தரையில் புரட்டிவிடும். கிட்னி முழுக்க மான்கொம்பு போலக் கிளைத்து வளர்ந்த கல்லோ, பல வருஷம் ஒரு சொல் பேசாமல் கிட்னியைத் தின்றுகொண்டிருக்கும். "வலி வந்தா நீங்களே ஓடி வருவீங்க. நான் பயப்படறது காய்ச்சலுக்குத்தான்" என்றார். அடைத்த கிட்னியில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உடம்பு முழுக்க விஷமாகிவிடுமாம். அப்போது கல்லை எடுக்க நினைக்கவே மாட்டார்கள். முதலில் குழாய் போட்டு அந்த நீரை வடிப்பார்கள், கல்லைப் பிறகு பார்ப்பார்கள். குளிர் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் சுத்தமாய் நின்றுபோவது, இதில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், பத்தைத் தாண்டினால் நம்ப முடியாது, உங்களுடையது நடுவில் இருக்கிறது, மூன்று வாரம் பார்ப்போம் என்றார். தினம் ஒரு டாம்சுலோசின். குழாயின் கீழ்ப்பகுதித் தசையைத் தளர்த்தும் மாத்திரை. அதைப் பெரும்பாலும் ஆண்களின் ப்ராஸ்டேட் தொந்தரவுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது, மருந்துக் கடைக்காரர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்று வாரத்தில் வீடு வைத்தியசாலை ஆனது. கல்லடைப்பு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு பச்சிலை நினைவுக்கு வரும். அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் வாழைத்தண்டை அரிந்து, விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டுக் கூட்டு வைத்தார். பக்கத்து வீட்டு மதினி சிறுகண்பீளைக் கட்டு ஒன்றை வேரோடு கொண்டுவந்து தந்தார். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே பூளைச் செடி. நெருஞ்சி முள் கஷாயம் ஒருவர், ரணகள்ளி இலை ஒருவர். ஆட்டோக்காரர் என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, "அண்ணே, ரெண்டு பீரு உள்ள போச்சுன்னா சர்ருன்னு வந்துரும், அக்காட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாராம். தக்காளியை எல்லோரும் ஒருமுகமாகத் தடை செய்தார்கள். விதை போய் உட்கார்ந்து கல்லாகிறதாம்.

டாக்டரிடம் பட்டியலாகவே எழுதிக்கொண்டு போனேன். பொறுமையாகப் படித்தார். தக்காளி விதை குடலோடு போய்விடும், கிட்னிக்கு அதற்கு வழியே இல்லை. தக்காளியில் ஆக்ஸலேட்டும் குறைவுதான். பீர் சிறுநீரைக் கூட்டும், பிறகு உடம்பை வறளவிடும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். வாழைத்தண்டு நல்ல காய், நார்ச்சத்து, சாப்பிடுங்கள். ஆனால் குழாயில் மாட்டிய ஏழு மில்லிமீட்டரை அது கரைக்கும் என்று காத்திருக்காதீர்கள். கஷாயத்தில் நல்லது எது என்று கேட்டேன். "நிச்சயமா நல்லது அதுல இருக்கிற தண்ணி" என்றார்.

பாலை நிறுத்திவிட்டேன் என்று சொன்னதும்தான் பேனாவைக் கீழே வைத்தார். கல்லில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பால் தயிர் கூடாது என்பது எனக்குத் தெளிவான கணக்காகத் தோன்றியிருந்தது. மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இத்தாலியில் பார்மா நகரத்தில் போர்கி என்பவரும் அவர் குழுவினரும், திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை இரண்டு பாதியாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். ஒரு பாதிக்குக் கால்சியத்தைக் குறைத்த சாப்பாடு. மறு பாதிக்குக் கால்சியம் வழக்கம்போல், உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. உப்பைக் குறைத்தவர்களில் 12 பேருக்கு. 2002-இல் வெளியான ஆய்வு. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இல்லாவிட்டால் ஆக்ஸலேட் தனியாக ரத்தத்தில் ஏறிக் கிட்னிக்கு வருகிறது. உப்போ நேர்மாறு. சோடியம் சிறுநீரில் இறங்கும்போது கால்சியத்தையும் கூட இழுத்துக்கொண்டு இறங்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் சேருவதைத் தடுக்கும் என்பது உண்மை. நான்தான் ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகையாக உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரமும் டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக வாங்கிக் குளியலறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறு ஸ்கேனில் அது அதே இடத்தில் இருந்தது.

இனி எடுக்க வேண்டியதுதான் என்றதும் வழிகளைச் சொன்னார். உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை நொறுக்குவது ஒன்று. அதன் கதை எனக்குப் பிடித்திருந்தது. டோர்னியர் என்பது ஜெர்மனியில் விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகம் என்ன ஆகிறது என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். துளி மோதும்போது கிளம்பும் அதிர்வலை உலோகத்துக்குள் ஓடிச் சேதம் செய்வதைக் கண்டார்கள். அந்த அலை சதையைத் தாண்டிப் போய்க் கல்லை மட்டும் உடைக்குமா என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. 1980 பிப்ரவரி 7 அன்று ம்யூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசி என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு அதைச் செய்தார். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்துத்தான் அலையைச் செலுத்தினார்கள். கிட்னிக்குள் பெரிய கல்லாக இருந்தால் முதுகில் ஒரு சின்னத் துளை போட்டு உள்ளே போய் உடைத்து எடுப்பது இன்னொரு வழி. அது 1976-இல் ஸ்வீடனில் தொடங்கியது. எனக்கு மூன்றாவது வழி. துளையே இல்லாமல், சிறுநீர் வரும் பாதையிலேயே பென்சிலைவிட ஒல்லியான கருவியை ஏற்றி, லேசரால் உடைப்பது.

மயக்க ஊசிக்குப் பயந்துகொண்டிருந்த இரவில் சாமுவேல் பெப்பீஸை நினைத்துக்கொண்டேன். லண்டன்காரர், நாட்குறிப்பால் பேர் வாங்கியவர். 1658 மார்ச் 26 அன்று, மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், ஆட்கள் பிடித்துக்கொள்ள, அவர் சிறுநீர்ப்பையிலிருந்து கல்லை அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வருஷா வருஷம் அந்தத் தேதியை விருந்து வைத்துக் கொண்டாடினார், கல்லுக்கு ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். நம் பக்கம் சுஸ்ருதர் அந்த அறுவையை அதற்குப் பல நூற்றாண்டு முன்பே விவரித்திருக்கிறார். கிரேக்க மருத்துவர்களின் உறுதிமொழியிலோ, கல்லுக்காகக் கத்தி எடுக்க மாட்டேன் என்றே ஒரு வரி உண்டு. எனக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

கல் போனதும் கதை முடிந்ததென்று நினைப்பவர்களுக்கு டி.ஜே. ஸ்டென்ட் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு முனையும் பன்றிவால் போலச் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஒரு சுருள் கிட்னியில், ஒரு சுருள் பையில். உள்ளே வீக்கம் வற்றும் வரை வழி அடையாமல் இருக்க வைக்கிறார்கள். பைக்குள் கிடக்கும் சுருள் சும்மா இருக்காது. குனிந்து கோலம் போட்டால் குத்தும். போய்விட்டு வந்த இரண்டாவது நிமிடம் மறுபடி போகச் சொல்லும். போகும்போது முடிவில் முதுகு வரை ஒரு சுரீர். படி ஏறி இறங்கினால் சிறுநீர் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். பயப்பட வேண்டாம், தண்ணீர் குடியுங்கள் என்பார்கள். பதினைந்து நாள். அதை எடுத்த அன்று ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு முழுக் காப்பி குடித்தேன், நடுவில் எழுந்து போகாமல். ஸ்டென்ட் வைத்ததை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களும் உண்டாம். அதன் மேலேயே கல் படிந்து, எடுப்பது பெரும்பாடாகிவிடும் என்று எடுக்க வேண்டிய தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சின்னக் குப்பியில் கல்லின் துணுக்குகளைத் தந்தார்கள். எள்ளைவிடச் சிறியவை, கருப்பட்டி நிறம். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் ஒரு முகம் மினுங்கியது. பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் என்று முடிவு வந்தது. கல் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கால்சியம் ஆக்ஸலேட்தான். யூரிக் அமிலக் கல்லாக இருந்திருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தே கரைத்திருக்கலாம். இது கரையாத ஜாதி. பத்தாம் வகுப்புக்கு இருபது வருஷமாக வேதியியல் எடுக்கிற எனக்கு அந்தப் பெயர் புதிதல்ல. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதற்கும் இதே உப்பின் ஊசிகள்தான் காரணம். புளித்தண்ணீரில் ஏன் போடுகிறோம் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, 24 மணி நேரத்துச் சிறுநீரையும் ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். "லீவு நாள்ல வேண்டாம். ஸ்கூல் போற நாள்ல எடுங்க" என்றார். கட்டைப்பையில் கேனை மறைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வகத்தின் அடி அலமாரியில், டிஸ்டில்டு வாட்டர் கேனுக்குப் பக்கத்தில், 'தொடாதே' என்று லேபிள் ஒட்டி வைத்தேன். அதன்பின் அந்தக் கேனை நான் சாயங்காலம் வரை தொடவே இல்லை.

தொட வேண்டுமானால் சாவி வேண்டும். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிவறை. பூட்டியிருக்கும். சாவி அலுவலக அறையில் எழுத்தர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதைக் கேட்பது என்றால் நான்கு ஆண்கள் நடுவே, எதற்கென்று எல்லோருக்கும் தெரிய, கேட்பது. அடுத்த பீரியட் மணி அடித்திருக்கும். இருபது வருஷத்தில் நான் கண்டுபிடித்த வழி எளிமையானது: காலை எட்டு மணிக்கு அரை டம்ளர் காப்பி, மத்தியானம் சாப்பாட்டோடு நாலு மடக்கு, சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து சொம்போடு தண்ணீர். சாவி வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்புத் தூளும், ஓட்டுக் கூரையும், ஆறு பீரியட் கத்தலும், விருதுநகர் மாவட்டத்து ஏப்ரல் வெயிலும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் கிட்னிக்கு.

மறுநாள் ஆய்வகத்தில் அளந்தார்கள். 850 மில்லி. குறைந்தது இரண்டரை லிட்டர் போக வேண்டிய உடம்பு.

மயில்துத்தப் படிகம் வளர்ப்பது எங்கள் வகுப்பில் வருஷா வருஷம் நடக்கும் திருவிழா. சுடுதண்ணீரில் மயில்துத்தத்தைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்போம். இனிக் கரையாது என்ற நிலை வரும். அது தெவிட்டிய கரைசல். அப்படியே ஆறவிட்டால், தாங்கக்கூடியதைவிட அதிகம் சுமந்துகொண்டு நிற்கும். அது அதிதெவிட்டிய கரைசல். அதில் ஒரு துணுக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் ஜன்னல் ஓரம் வைத்தால், ஒரு வாரத்தில் நீலமாய் ஒரு கல். "நூல் இல்லாட்டி வராதா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தாலே போதும் என்றேன். கிட்னிக்குள்ளும் அப்படி ஒரு கீறல் உண்டு. சிறுநீர் சொட்டும் நுனிகளில் வெள்ளையாய்க் கால்சியத் திட்டுகள் படிந்திருக்கும், கல் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். அலெக்ஸாண்டர் ராண்டால் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-இல் அதை எழுதினார். கரைசல், கீறல், அசையாத நேரம். மூன்றையும் கரும்பலகையில் இருபது தடவை எழுதியவள் நான். எழுதிய கையோடு, காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறேன்.

ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடி வரும் என்றார் டாக்டர். பொதுவாக ஆண்களுக்குத்தான் அதிகம். சூளை, லாரி, வயல் என்று வெயிலில் காய்கிறவர்கள். "உங்களை மாதிரி வர்ற பொம்பளைங்கள்ட்ட நான் கேக்கிற முதல் கேள்வி, வேலை செய்யிற இடத்துல பாத்ரூம் இருக்கான்னுதான்." மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிற என் பழைய மாணவியைப் பஸ்ஸில் பார்த்தபோது இதைச் சொன்னேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. "ஸ்டூல் போட்டுட்டாங்க டீச்சர். ஒன்னுக்குப் போகத்தான் சூப்பர்வைசர் அண்ணன்ட்ட கேக்கணும். அதுக்கு அந்தத் தண்ணியக் குடிக்காமலே இருந்துரலாம்" என்று சிரித்தாள்.

கேரளத்துப் பள்ளிகளில் 2019-இல் பேசப்பட்ட 'வாட்டர் பெல்' இப்போது எங்களுக்கும் வந்துவிட்டது. மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் நாள் பதினொரு மணிக்கு அடித்ததும் வகுப்பு முழுக்கப் பாட்டில் திறக்கும் சத்தம். பையன்கள் மடமடவென்று குடித்து மிச்சத்தை ஒருவன் மேல் ஒருவன் தெளித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பாட்டிலை உயர்த்தினாள், உதட்டை நனைத்தாள், மூடிவிட்டாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே. முந்நூறு பெண் பிள்ளைகளுக்கு எட்டுக் கழிவறை, அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளும் வித்தை எனக்குத் தெரியாததா?

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் போய் நான்கு ஆண்களுக்கு நடுவே சாவி கேட்டேன். வாங்கி, உபயோகித்துவிட்டு, திருப்பித் தரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் நாற்பது ரூபாய்க்கு இன்னொன்று அடித்தேன். பழையதை மறுநாள் காலை அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் புதியதை ஆய்வகக் கதவுக்கு உள்பக்கம் தொங்கவிட்டேன். "கேக்க வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று பத்தாம் வகுப்புப் பெண்களிடம் மட்டும் சொன்னேன். தலைமையாசிரியர் காதுக்குப் போகும், அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம். முந்நூறு பேருக்கு இது எந்த மூலைக்கு என்பதும் தெரியும். அதற்கான மனு தனியே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று நாள் சாவி அசையவில்லை. நான்காம் நாள் அதில் யாரோ நூல் கோத்திருந்தார்கள், படிகம் தொங்கவிட வைத்திருந்த வெள்ளை நூல். நாலு மணிக்கு வகுப்பை விட்டபோது மூன்றாவது பெஞ்சுக்காரி பையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பையின் பக்கவாட்டு வலையில் பாட்டில். தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது.